சிவப்பு சாக்பீஸ்



ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கும். ‘மகன் அமெரிக்காவுக்குக் கூப்பிடுகிறான். டிக்கெட்டும் போட்டுவிட்டான். எங்கள் வயதில் அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது?’ எழுதுகிறவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். தனித்தனியாகப் பதில் எழுத எனக்குச் சோம்பல். அதனால் எல்லாருக்கும் சேர்த்து, 2025 மே மாதக் கடைசியில் என் அக்காவும் அத்தானும் அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் கழித்த ஒரு பகலை எழுதிவிடுகிறேன். பின்சீட்டில் நானும் இருந்தேன்.

அக்கா அரசுப் பெண்கள் பள்ளியில் 31 வருடம் புவியியல் நடத்தியவள். ஆறுகள் நிலத்தை அரிக்கிற பாடம் வரும் நாளில் மட்டும் கலர் சாக்பீஸ் டப்பா அவளுடன் வகுப்புக்குப் போகும். கரும்பலகை முழுக்க கிராண்ட் கேன்யனை அடுக்கடுக்காக வரைவாள். பாடம் முடியும்போது சிவப்பு சாக்பீஸில் கால் அங்குலம்தான் மிஞ்சியிருக்கும். அவள் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்ததெல்லாம் பாடப்புத்தகத்தின் மங்கிய படத்தில்தான். அத்தான் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் காபி டம்ளரைக் கையில் வாங்க மாட்டார். கல்யாணமாகி 44 வருடம். அக்காவுக்கு மூட்டு வலி, அத்தானுக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம். நம் வாசகர்களில் பாதிப் பேரின் ஜாதகம்தான்.

பீனிக்ஸில் இருக்கும் அவர்கள் மகன்தான் வண்டி ஓட்டினான். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். பீனிக்ஸ் மே மாதத்தில் நம் வேலூர் மாதிரி காய்கிறது. ஆனால் சாலை வடக்கே ஏறிக்கொண்டே போகிறது. பிளாக்ஸ்டாப் ஊரைத் தொடும்போது இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். பாலைவனத்தைப் பார்க்கப் போகிறோம் என்று பருத்திச் சட்டையோடு வந்த அத்தான், மகனுடைய ஸ்வெட்டருக்குள் புகுந்துகொண்டார்.

வாசலில் ஒரு வண்டிக்கு 35 டாலர். அத்தானுக்கு எங்கே போனாலும் பாஸ் காட்டியே பழக்கம். “சீனியர்களுக்கு ஏதாவது சலுகை உண்டான்னு கேளுடா” என்றார். உண்டு. 62 வயதானவர்கள் 80 டாலர் கட்டினால் ஆயுளுக்கும் எல்லா தேசியப் பூங்காவும் பார்க்கலாம். ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக அங்கே குடியேறியவர்களுக்கும்தான். இனிப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2026 ஜனவரி முதல் கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில், அங்கே வசிக்காத வெளிநாட்டவர் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று பூங்கா பார்க்கிற எண்ணமிருந்தால் 250 டாலர் ஆண்டுச் சீட்டு லாபம்.

வண்டியை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே சமதரையில் நடந்தோம். பள்ளத்தாக்கு இருப்பதற்கான அடையாளமே இல்லை. அத்தான் “மலை எங்கேடா?” என்று கேட்டு வாய் மூடவில்லை, தரை முடிந்துவிட்டது. மலையை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே நேராக மொட்டை மாடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். வீடு முழுக்கக் கீழே இருக்கிறது. 446 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர், ஆழம் 1,600 மீட்டருக்கு மேல். இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அக்கா ஒப்பிப்பாள். அன்று ஒன்றும் ஒப்பிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பையன் கைப்பேசியில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். மாதர் முனை, யவப்பாய், ஹோப்பி முனை, மொஹாவி, பீமா, ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், கடைசியில் 40 கிலோமீட்டர் கிழக்கே டெசர்ட் வியூ கோபுரம். ஓர் இடத்துக்கு 20 நிமிடம். பத்து நிமிடத்திலேயே “அம்மா, கிளம்பலாமா?” என்றான்.

“நீங்க போய்ட்டு வாங்கடா. நான் இங்கேயே இருக்கேன்.”

“இது முதல் பாயின்ட்தாம்மா. இன்னும் ஆறு இருக்கு.”

“அந்த ஆறிலும் இதே பள்ளம்தானே?”

அவனிடம் அதற்குப் பதிலில்லை. அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பட்டியல் அத்தோடு ரத்து. அந்த பெஞ்சில் ஒன்றே கால் மணி நேரம் இருந்தோம். அதற்குள் மேற்குச் சுவரில் ஒரு மேக நிழல் ஏறி இறங்கியதை, சாம்பலாகத் தெரிந்த ஒரு திட்டு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்ததைப் பார்த்தோம். இறங்கி, படம் எடுத்து, ஏறிப் போன பேருந்துக் கூட்டங்கள் எத்தனை என்று அத்தான் கணக்கு வைத்திருந்தார். ஒன்பது.

விளிம்போரமாகவே ஒரு கிலோமீட்டர் நடந்தால் யவப்பாய் நிலவியல் அருங்காட்சியகம். 1928இல் கட்டியது. பெரிய கண்ணாடி ஜன்னல்கள், எதிரே நிஜப் பள்ளத்தாக்கு, இந்தப் பக்கம் அதன் விளக்கம். இங்கேதான் அக்காவுக்கு அடி விழுந்தது. பள்ளத்தாக்கின் பாதி உயரத்தில் சுமார் 150 மீட்டருக்குச் செங்குத்தாக நிற்கும் சிவப்புச் சுவர் இருக்கிறதே, ரெட்வால் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 34 கோடி வருடப் பழசு, அது சிவப்புக் கல்லே இல்லை. உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம். மேல் அடுக்குகளில் இருக்கும் இரும்புச் சத்து மழையில் கரைந்து வழிந்து சுவர் முழுக்கச் சாயம் ஏற்றியிருக்கிறது. நம் வீடுகளில் துருப்பிடித்த ஜன்னல் கம்பியிலிருந்து கறை வழிந்து வெள்ளைச் சுவரைப் பாழாக்குமே, அதே சங்கதி.

“முப்பத்தோரு வருஷம் அந்த இடத்துக்குச் சிவப்பு சாக்பீஸை அழுத்தி அழுத்திப் போட்டிருக்கேண்டா” என்றாள் அக்கா என்னிடம். நிஜமாகவே முகம் வாடிவிட்டது. அத்தான் சொன்னார்: “வெளியிலேர்ந்து பார்த்தா சிவப்புதானே? நீ வெளிப்பக்கத்தை வரைஞ்சிருக்கே. அவ்வளவுதான்.” 44 வருடக் குடித்தனத்தில் கற்றுக்கொண்ட சமாதானம்.

கீழே நூல்போல ஓடிய ஆற்றைப் பார்த்து “நம்ம ஊர் வாய்க்கால் அகலம் இருக்கும்” என்று அத்தான் மதிப்பிட்டார். கொலராடோ ஆறு அங்கே சராசரியாக 90 மீட்டர் அகலம். இதில் ஏமாந்த முதல் ஆள் அவரல்ல. 1540இல் ஹோப்பி மக்கள் வழிகாட்ட இங்கே வந்த கார்தெனாஸ் என்ற ஸ்பானியத் தளபதியின் கூட்டமும் இப்படித்தான் ஆற்றைச் சின்னதென்று நினைத்தது. மூன்று பேர் இறங்கிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு ஆழத்தைத்தான் எட்ட முடிந்தது என்று திரும்பினார்கள். மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள், பக்கத்தில் போனால் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரம் என்றார்களாம். கொலராடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறம் என்று பொருள். ஆனால் நாங்கள் பார்த்த ஆறு பச்சை. மேலே 1963இல் கிளென் கேன்யன் அணை ஆற்றை மறித்தபிறகு வண்டலெல்லாம் அங்கேயே தங்கிவிடுகிறது. “மேட்டூர் கதை” என்று முடித்துவிட்டாள் அக்கா.

மதியச் சாப்பாடு எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மூடியைத் திறந்ததுமே ஓர் அணில் வந்து நின்றது. நம்மூர் அணிலைவிட மூன்று மடங்கு பெரிது, முதுகில் கோடு இல்லை. “ராமர் இந்தப் பக்கம் வரலை போலிருக்கு” என்று அத்தான் ஒரு துண்டு வறுவலை எடுத்தார். பையன் பதறிப்போய்க் கையைப் பிடித்தான். விலங்குகளுக்குத் தீனி போட்டால் அபராதம். அது போக, இந்தப் பூங்காவில் மனிதர்களை அதிகம் கடிப்பது இந்த அணில்தானாம்.

அன்றைய நாளின் சிகரம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். யவப்பாயிலிருந்து கிராண்ட் கேன்யன் கிராமத்தை நோக்கி, விளிம்போரம், ‘காலத்தின் பாதை’ என்று ஒரு நடைபாதை 2010இல் திறந்திருக்கிறார்கள். சமதளம், மெழுகிய தரை போன்ற பாதை, நெடுக உட்கார இடம். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருடம் பின்னால் போகிறீர்கள் என்று கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு வெண்கல வில்லை பதித்திருக்கிறார்கள். அதாவது வில்லைக்கு வில்லை ஒரு கோடி. ஆங்கிலக்காரர்கள் மில்லியன், பில்லியன் என்று திணற, லட்சமும் கோடியும் தெரிந்த நமக்கென்றே போட்ட பாதை மாதிரி இருந்தது. அந்தந்த வயதுப் பாறையை அந்தந்த இடத்தில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம்.

கிலோமீட்டர் கல்லைக் கண்டால் விடாத மனிதர் அத்தான். அவர் முன்னால் நடக்க, அக்கா பின்னால் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். ஆறு இந்தப் பள்ளத்தாக்கை இன்றிருக்கும் ஆழத்துக்கு அறுத்தது கடைசி ஐம்பது அறுபது லட்சம் வருடத்தில் என்பது பரவலான கணக்கு. பாதையில் அது ஐந்தாறு மீட்டர், ஒரு திண்ணை நீளம். டைனோசர்கள் அழிந்தது 66ஆவது மீட்டரில். நாம் நிற்கும் விளிம்பின் மேல் பாறையே 270ஆவது மீட்டரில்தான் வருகிறது. அதனால் இந்தப் பள்ளத்தாக்கின் சுவர்களில் எங்கே தேடினாலும் டைனோசர் எலும்பு கிடைக்காது. அதற்கெல்லாம் மூத்த கல் இது. மேல் பாறையில் கடல் சிப்பிகளின் தடம் இருக்கிறது, ஊட்டி உயரத்தில்.

அரைக் கிலோமீட்டரைத் தாண்டியதும் அக்கா நின்றாள். பள்ளத்தாக்கின் பல இடங்களில், சுமார் 50 கோடி வருட மணற்கல் நேராக 170 கோடி வருடப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவே 120 கோடி வருடம் காணோம். படிந்ததெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. “நோட்டுல நடுப்பக்கத்தைக் கிழிச்ச மாதிரி. அட்டையைப் பார்த்தா தெரியாது, தையலைப் பார்த்தாத்தான் தெரியும்” என்றாள். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இவளைக் கேட்டிருக்கலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

அத்தான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் என்னவோ தட்டினார். “மீட்டருக்குப் பத்து லட்சம்னா, நமக்குக் கல்யாணமான 44 வருஷம் 0.044 மில்லிமீட்டர். தலைமுடி கனம்கூட இல்லை” என்றார்.

“அதுக்கே இவ்வளவு சத்தம்” என்றாள் அக்கா.

அந்த மிக மூத்த பாறைகளில் ஒன்றின் பெயர் விஷ்ணு. எதிரே நிற்கும் குன்றுகளுக்கு விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்று பெயர். உங்கள் வாட்ஸ்அப்புக்கும் இது வந்திருக்கும்: ‘அமெரிக்காவில் பல்லாயிரம் ஆண்டு பழமையான இந்துக் கோயில்கள், மறைக்கப்பட்ட உண்மை’. மறைக்க ஒன்றுமில்லை. 1880களில் இந்த நிலத்தை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவ அதிகாரிக்கு, அடுக்கடுக்கான இந்தக் குன்றுகள் கீழைநாட்டுக் கோபுரங்களை நினைவூட்டின. அந்த வரிசையில் அவரும் பின்வந்தவர்களும் பெயர் வைத்தார்கள். புத்தருக்கும் கன்பூசியஸுக்கும் ஜொராஸ்டருக்கும்கூட அங்கே குன்று உண்டு. தயவுசெய்து அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பெருமைப்பட வேறு விஷயம் இருக்கிறது. விஷ்ணு பாறையைத் தடவிக்கொண்டே அக்கா சொன்னாள்: “நம்ம பல்லாவரத்துக் கல் இதைவிட மூத்ததுடா.” உண்மை. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் சார்னோகைட் பாறைக்குச் சுமார் 250 கோடி வயது. மின்சார ரயிலில் தினமும் அதைக் கடந்து போகிறவர்கள் யாரும் படம் எடுப்பதில்லை.

டட்டன் பெயர் வைப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே இந்த இடங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஹவசுபாய் மக்கள் பள்ளத்தாக்குக்குள்ளேயே பயிர்செய்து வாழ்ந்தவர்கள். 1919இல் தேசியப் பூங்கா ஆனது. பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதையில் பாதிவழியிலிருந்த தோட்டத்திலிருந்து அவர்களில் கடைசியாக இருந்தவரும் 1928இல் வெளியேற்றப்பட்டார். ‘இந்தியன் கார்டன்’ என்று பலகையில் இருந்த அந்த இடத்துக்கு ‘ஹவசுபாய் தோட்டம்’ என்று பெயர் திரும்பியது 2022இல்தான். பூங்கா என்றால் அழகு மட்டும் இல்லை. காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களை நம் மலைகளிலும் பார்த்திருக்கிறோம்.

பாதை முடியும் கிராமத்தில் அத்தானுக்கென்றே ஒன்று காத்திருந்தது: 1910இல் முழு மரக்கட்டைகளால் கட்டிய ரயில் நிலையம். வில்லியம்ஸ் ஊரிலிருந்து 103 கிலோமீட்டர் பாதை, 1901இல் வண்டி வந்தது. கார்கள் பெருகி 1968இல் பயணிகள் ரயில் நின்றுபோய், 1989இல் மறுபடி ஓடத் தொடங்கியது. சில குறிப்பிட்ட நாட்களில் நீராவி எஞ்சினே இழுக்கிறது, சமையலறைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை எரித்து. நாங்கள் போன அன்று டீசல்தான். “பஜ்ஜி எண்ணெயில ஓடற வண்டியைத் தவற விட்டுட்டோமே” என்று அத்தான் இன்றுவரை புலம்புகிறார். இன்னொரு தகவல் அவரை உண்மையாகவே கலங்க வைத்தது. கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும், அரிசோனா வைக்காது. ஆனால் பக்கத்திலேயே நவஹோ மக்களின் நிலத்தில் வைப்பார்கள். அதற்கு நடுவே இருக்கும் ஹோப்பி நிலத்தில் மறுபடி வைக்க மாட்டார்கள். “இப்படி இருந்தா டைம் டேபிள் போடறவன் என்ன ஆவான்?” என்று ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் இலவசப் பேருந்து பிடித்து ஹோப்பி முனை. படியேற முடியாதவர்களுக்கு அந்தப் பேருந்து பக்கவாட்டில் தாழ்ந்து சாய்பலகை நீட்டும். அங்கிருந்து சிவன் கோயில் குன்று நன்றாகத் தெரியும். 1937இல் நியூயார்க் அருங்காட்சியக விஞ்ஞானிகள் அதன் தட்டையான உச்சிக்கு ஏறினார்கள். மற்ற நிலத்திலிருந்து பிரிந்துபோன அந்த மேட்டில் தனி இனமாக மாறிய விலங்குகள் இருக்குமா என்று பார்க்க. இருந்தவை சாதாரண எலிகளும் அணில்களும். கூடவே ஒரு காலி பிலிம் டப்பா. உள்ளூர்ப் புகைப்படக்காரர் எமரி கோல்ப் அவர்களுக்கு முன்பே ஏறி இறங்கியிருந்தார். சூரியன் இறங்க இறங்க அந்தக் குன்று செம்பாகி, கருத்து, வெறும் கோடாகியது. யாரும் பேசவில்லை என்று எழுத ஆசைதான். பக்கத்தில் ஒரு குழந்தை பிட்சாவுக்கு அழுதுகொண்டிருந்தது.

இருட்டியபின் கிராமத்து விளிம்பில் நின்றபோது எதிர்க்கரையில் சில விளக்குப் புள்ளிகள். வடக்கு விளிம்பின் பழைய விடுதி என்றான் பையன். பறவைக்குப் பதினாறு கிலோமீட்டர். காரில் சுற்றிப் போனால் சுமார் 350. “அடுத்த தடவை அங்கே தங்கலாம்” என்றார் அத்தான். அந்த ஜூலையில் மின்னல் மூட்டிய காட்டுத்தீயில் அந்த விடுதி எரிந்துபோனது. செய்தியைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள்.

கடிதம் எழுதிய அன்பர்களுக்கு: போங்கள். பள்ளத்தாக்குக்குள் இறங்க ஆசைப்பட வேண்டாம். இறங்குவது உங்கள் விருப்பம், ஏறுவது கட்டாயம் என்று அங்கேயே எச்சரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே வெயிலும் மேலே இருப்பதைவிடப் பத்துப் பாகை அதிகம். பல இடங்களில் விளிம்பில் கம்பி கிடையாது. செல்ஃபி எடுக்கப் பின்னால் நகராதீர்கள். ஊட்டி உயரம் என்பதால் மூச்சு வாங்கும். தண்ணீர் கையிலேயே இருக்கட்டும், மாத்திரை மகனின் காரில் இருந்தால் பயனில்லை. அழைத்துப் போகும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம். ஏழு இடப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்கு நல்ல பெஞ்சாக ஒன்று பார்த்துக் கொடுத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். உட்கார்ந்த பெஞ்சைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

ஊர் திரும்பியபின் அக்காவைப் பழைய பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறத்தில் சாக்பீஸ் கடையில் கிடைக்கவில்லை. ரெட்வால் சுவரை முதலில் வெள்ளையில் வரைந்து, பிள்ளைகள் நோட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அதன்மேல் சிவப்பைத் தேய்த்தாளாம்.

அன்புடன்,
ஆசிரியர்